கெண்டைக்கால் அளவு

ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

உன் இடுப்புப் பிடிப்பு விட்டதா, அண்ணியின் இருமல் நின்றதா என்று முதலில் எழுது. நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், கடைக்குப் போகிறேன், திரைச்சீலை தைக்கிறேன், திரும்பி வருகிறேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை.

போன வாரம் போனில் கால் வலி என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ‘எழுதி அனுப்பு’ என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் குரலே சரியாக இல்லை. சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் ஓட ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. அவர் இறந்த பத்தாம் நாள் அவருடைய ஓட்டக் குழுவின் தலைவர் வந்தார். எந்நேரமும் கழுத்தில் விசிலோடு திரிகிறார் என்று இவர் கேலி செய்வாரே, அந்த விசில்காரர். டிசம்பர் முதல் ஞாயிறு நடக்கும் அரை மாரத்தானுக்கு இவர் பெயர் கொடுத்திருந்தாராம், எடுத்துவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விசில்காரர் என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார்.

ஃபிரிட்ஜ் கதவில் அவர் ஒட்டிய அட்டவணை அப்படியே இருக்கிறது. நாற்பது வாரத்துக்கு நாற்பது வரி. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, அட்டவணை போடாமல் எதிலும் இறங்க மாட்டார். எட்டு வாரத்துக்கு டிக் அடித்திருந்தார். அதனால் ஒன்பதாவது வாரத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் நாளே எட்டு கிலோமீட்டர். பாதி ஓட்டம், பாதி நடை. மறுநாள் பரவாயில்லை. அதற்கு அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வலித்தது எனக்குப் பிடித்திருந்தது. அவர் போன பிறகு எதுவுமே என் மேல் படுவதில்லை. போன மாதம் விரலில் ஊசி ஏறியது. துணியில் சிவப்பாகத் தெரிந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். தொடை வலி மட்டும்தான் என்னுடையது என்று தெரிகிறது. இதற்கு என்ன செய்யட்டும், எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


ஜூன் 20

என் முரண்டுத் தங்கைக்கு,

என் இடுப்பு தேவலாம். உன் அண்ணியின் இருமல் நின்றுவிட்டது, அதட்டல் நிற்கவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று எழுதியதை நாங்கள் இருவருமே நம்பவில்லை.

அந்த எட்டு வாரமும் ஓடியது மாப்பிள்ளையின் கால். உன் கால் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ள இது என்ன பாதி பின்னிய ஸ்வெட்டரா? இன்றைக்கே முதல் வாரத்துக்குப் போ. நடையும் ஓட்டமுமாக இருபது நிமிடம், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்தால் வந்து தலையில் குட்டுவேன்.

போனில் வைத்துவிட்டதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசியில் அவருக்குக் கெண்டைக்கால் வலிக்கிறது என்று நீ போன் செய்தாய். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டேன். ஓட்டத்தால் வந்த தசைவலிதான், ஐஸ் வை, போய்விடும் என்றேன். அது இரத்தக்குழாயில் உறைந்து நின்ற இரத்தம். ஐந்தாம் நாள் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்டாகக் கை காலைப் பிடித்துப் பார்ப்பதுதான் எனக்குத் தொழில், சொந்த மாப்பிள்ளையின் காலைக் காதால் பார்த்துவிட்டேன். இனிமேல் யார் உடம்பைப் பற்றியும் போனில் பேசுவதாக இல்லை. உன் உடம்பைப் பற்றிக் கண்டிப்பாக இல்லை.

ஆகவே வாரம் ஒருமுறை குறித்துவைத்து எழுது. எந்தக் கால், எந்த இடம்? ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலியா, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியதா? வீக்கம் உண்டா, சூடு உண்டா? நடக்க நடக்க இளகுகிறதா, கூடுகிறதா? முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில் குறி வைத்து, இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவையும் டேப்பால் அளந்து எழுது. அளப்பது உனக்குக் கைவந்த கலைதானே.

இப்போது இருக்கும் வலிக்குப் பயப்படாதே. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை முறைத்துக்கொள்ளும், இரண்டாம் நாள் மூன்றாம் நாள்தான் அதற்கு உச்சம். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருந்து, மெல்ல நடந்தால் இளகினால், அது தானாகப் போகும். ஐஸை நேராக வைக்காதே, துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வை. தண்ணீர் குடி. தூங்கு. வாரத்தில் மூன்று நாள் காலுக்கு ஓய்வு. ஓய்வும் பயிற்சிதான், எழுதி ஒட்டிவை.

வலி பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை மட்டும் அண்ணிக்குப் படித்துக் காட்டவில்லை.

அண்ணன்


ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ கேட்டவை. வலி இரண்டு தொடையின் முன்பக்கமும். பரவிய வலி. விரலால் காட்ட முடியாது. சூடு இல்லை. பத்து நிமிடம் நடந்தால் இளகுகிறது. கெண்டைக்கால் வலது 33, இடது 33.5. முழங்கால் சிப்பிக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன்.

முதல் வாரத்துக்குத் திரும்பிவிட்டேன். மறுபடி டிக் அடிக்க இடம் இல்லாததால் அவருடைய டிக் பக்கத்திலேயே சின்னதாக ஒரு புள்ளி வைக்கிறேன். விசில்காரர் ஷூ வாங்கக் கூட வந்தார். காலை அழுத்தி, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட்டு, ஓடிக் காட்டச் சொன்னார். கடை நடுவில் ஓடினேன். வெட்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கடையில் ஒரு ஹோட்டலுக்கு எண்பது அறைத் திரைச்சீலை வந்திருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முதலாளியம்மா எனக்குச் சலிப்பாக இருக்கும் என்று கவலைப்பட்டார். எனக்கு அதுவே வசதி. காலையில் எங்கே விட்டேனோ மாலையிலும் அங்கேயே இருக்கிற மாதிரி இருக்கிறது.

நீ எழுதிய மற்றதையும் படித்தேன்.

உன் தங்கை


ஜூலை 13

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் அளவைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அரை சென்டிமீட்டர் வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கும். அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள், அதற்கு மேல் வேண்டாம். ஓடி முடித்ததும் நாற்காலியில் பொத்தென்று விழாதே, பத்து நிமிடம் நட.

என் கதையைக் கேள். இப்போதெல்லாம் தோள்பட்டை வலி என்று வருகிறவரின் கெண்டைக்காலையும் அளக்கிறேன். கால் சென்டிமீட்டர் கூட இருந்தாலும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் நாற்பத்தோரு பேரை அனுப்பினேன், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஸ்கேன் அறையில் எனக்கு ‘அளவுக்காரர்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறார்களாம். பெரிய டாக்டர் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் நல்லதில்லை. உன் அண்ணி சோபாவில் கால் நீட்டினால் நான் டேப்பைத் தேடுகிறேனாம், அவள் சொல்லிச் சிரிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒன்று விட்டுவிட்டாய். வீக்கம் உண்டா என்ற கேள்விக்கு உண்டு, இல்லை என்று எழுதவே இல்லை. அளவு இருக்கிறது, சரி. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணா,

கடிதம் தாமதமாகிவிட்டது. ஹோட்டல் வேலை. நீ எப்படி இருக்கிறாய், பெரிய டாக்டர் என்ன சொல்கிறார்?

அளவு: வலது 33, இடது 33. முந்தின மூன்று வாரமும் அதேதான். தொடை வலி போய்விட்டது. போனதும் எனக்கு ஏதோ பொருளைத் தொலைத்த மாதிரி இருந்தது.

ஓய்வு நாள் எனக்கு ஒத்துவரவில்லை. அன்றைக்கு எதுவும் வலிப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய கருவிப் பெட்டி எதிரே இருக்கிறது. அதைப் பார்க்கிறேன், அழுகை வருமா என்று காத்திருக்கிறேன், வருவதில்லை. மாடி வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போகிறாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்குத்தான் புருஷன் செத்துப்போனான் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது ஏழு கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். இடது காலில் முன் எலும்பு ஓரமாகக் கொஞ்சம் உறுத்துகிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஆகஸ்ட் 17

தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமில்லை என்று தெரிகிறது, அதனால் அதைக் கேட்கவில்லை.

யார் காதில் பூ சுற்றுகிறாய்? நான்கு வாரம், இரண்டு கால், எட்டு அளவும் 33 ஆம். மனுஷி காலுக்குக் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. டேப்பை எடுக்காமல் வாயில் வந்ததை எழுதியிருக்கிறாய். ஏழு கிலோமீட்டரா? நான் சொன்ன கணக்குக்கு நாலரைதான் வர வேண்டும். ஓய்வு நாளிலும் ஓடுகிறாய்.

முன் எலும்பு உறுத்தலைப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்ல நீ யார்? எலும்பு ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் தசை இழுக்கிறது என்று அர்த்தம், பத்து நாள் நிறுத்தினால் சரியாகும். ஒரே புள்ளியில், விரல் வைத்த இடத்தில் குத்தினால் எலும்பு விரிசல் விடப் பார்க்கிறது. அதோடு ஓடினால் நடுரோட்டில் உடையும். இரண்டில் எது?

கோபத்தில் எழுதுகிறேன், சேர்த்து இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நீ போன் செய்தபோது வீக்கம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்டேனா? மூன்று மாதமாக யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை. கட்டிலில் ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன், போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே இருந்தது, அதுவரை ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் இல்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். ஆகவே நான் கேட்கவில்லை. படிக்க வந்த முதல் வருஷப் பெண்கூடக் கேட்டிருப்பாள்.

வேலையை விட்டுவிடுவதாக எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். செப்டம்பர் முப்பதாம் தேதி கொடுக்கப்போகிறேன். இந்தக் கையால் இனி யாரையும் தொட்டுச் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டத்தை நிறுத்து. எந்த வலி என்று எழுது.

அண்ணன்


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

வேலையை விடாதே. உன்னைப் போல வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். அவசரப்படாதே. அண்ணியிடம் கலந்து பேசு.

ஹோட்டல் வேலை முடிந்தது. எண்பது அறையும் தொங்கவிட்டாயிற்று. போய்ப் பார்த்தோம், எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருந்தது. முதலாளியம்மா எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

கால் பரவாயில்லை. குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை


செப்டம்பர் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லம்மா. இங்கே என் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது, அவரை நினைத்துத்தான் கவலை.

உன் கடைசிக் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். அவர் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறு. மடித்து வைத்துவிட்டு, ‘பாவம், என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை அவளுக்கு’ என்றார். நீ பெருந்தன்மையாக மழுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

முப்பதாம் தேதி கடிதத்தைக் கொடுத்துவிடுவார், என் பேச்சு எடுபடவில்லை. உண்மையிலேயே அவர் கேட்காமல் விட்டிருந்தால் அதையாவது எழுதிவிடு. தெரிந்துகொண்டால் ஒரு பக்கம் நிற்பார். இப்படி நடுவில் தொங்குவதுதான் அவரைத் தின்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


செப்டம்பர் 20

அண்ணா,

இடது முன் எலும்பில், கணுக்காலிலிருந்து ஒரு சாண் மேலே, ஒரே புள்ளி. விரல் வைத்தால் குத்துகிறது. நான்கு வாரமாக. போன ஞாயிறு அதோடு பதிமூன்று கிலோமீட்டர் ஓடினேன். குறைத்துக்கொண்டேன் என்று எழுதியது பொய். அளவு 33 என்று எழுதியதும் பொய். நீ அளக்கச் சொன்ன பிறகு ஒரே ஒரு தடவைதான் அளந்தேன். அதற்கு மேல் டேப்பைக் காலில் சுற்ற முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வாரம் சனிக்கிழமை அவர் பதினான்கு கிலோமீட்டர் ஓடினார். அன்றைக்கே பஸ் ஏறி, வெளியூரில் ஒரு லிஃப்ட்டைப் பழுது பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வந்தார். போகப் பன்னிரண்டு மணி நேரம், வரப் பன்னிரண்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலையில் சாக்ஸ் மாட்டும்போது இடது கெண்டைக்கால் பளபளவென்று இருந்தது. நான் தையல் மேஜையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். மூன்றரை சென்டிமீட்டர் கூட இருந்தது. நீ அளக்கச் சொல்வதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே நான் அளந்திருக்கிறேன்.

உனக்குப் போன் செய்யலாம் என்றேன். செய், ஆனால் வீக்கத்தைச் சொல்லாதே என்றார். ‘உங்க அண்ணன் டிசம்பர் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்’ என்றார்.

நீ கேட்டாய் அண்ணா. ‘வீக்கம் இருக்கா?’ என்று தெளிவாகக் கேட்டாய். அவர் எனக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் கூப்பி, கண்ணை உருட்டிக் கெஞ்சுகிற மாதிரி வேடிக்கை காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்றேன். பஸ் பயணத்தையும் நான் சொல்லவில்லை.

இதை அவர் போன அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்று ‘நான்தான், நான்தான்’ என்று நெற்றியில் அடித்துக்கொண்டாய். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாய். எனக்கு அது வசதியாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ சுமந்துகொண்டிருந்ததால் நான் அதைத் தொடாமல் இருக்க முடிந்தது. ஓடினால் கால் வலித்தது, அந்த வலி போதும் என்று வைத்துக்கொண்டேன்.

நீ வேலையை விட வேண்டாம். நீ ஒன்றையும் கேட்காமல் விடவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

தங்கை


அக்டோபர் 24

அன்புள்ள அண்ணா,

பதில் வரவில்லை. கடிதம் சேர்ந்ததா என்று கேட்கமாட்டேன். முப்பதாம் தேதி என்ன செய்தாய் என்பது மட்டும் தெரியவில்லை. அண்ணியும் எழுதவில்லை.

நீ கேட்டிருந்த முறைப்படியே எழுதுகிறேன். இடது கால், ஒரே புள்ளி. லேசாக வீக்கம் உண்டு. சூடு கொஞ்சம் உண்டு. நடந்தால் கூடுகிறது. இன்று காலை டேப்பால் அளந்தேன், வலது 33, இடது 33.5. இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். எட்டு வாரம் ஓடக் கூடாது, முதல் மூன்று வாரம் ஊன்றுகோல்.

விசில்காரரிடம் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அடுத்த வருஷத்துக்கு மாற்றட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை இருந்த இடம் மட்டும் இப்போது வெள்ளையாக இருக்கிறது. எடுத்தபோது ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். தோன்றவில்லை.

இடது காலை ஊன்றாமல் தைக்க முதலாளியம்மா என் மெஷினின் மிதியை வலது காலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

தங்கை


நவம்பர் 11

தங்கைக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அண்ணி நலம். உனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் அவளைத் தடுத்தேன், அவள் மேல் வருத்தப்படாதே.

உன் செப்டம்பர் கடிதம் அந்த மாதம் இருபத்தைந்தாம் தேதியே வந்தது. சமையலறையில் நின்றே படித்தேன். முழுதும் படித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன். எழுந்ததும் என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. மாப்பிள்ளை போய்விட்டார், நீ அங்கே தனியாக இருக்கிறாய், எனக்கோ நிம்மதியான தூக்கம்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கோபம் வந்துவிட்டது. சாதாரணக் கோபம் இல்லை. நீ வீக்கம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேன், அவர் இருந்திருப்பார், பெரும்பாலும் இருந்திருப்பார். இது உண்மை. உனக்காக இதைப் பூசி மெழுகி எழுத என்னால் முடியாது. அதைவிட நான் நெற்றியில் அடித்துக்கொண்டபோது நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதுதான் ஆறவில்லை.

முப்பதாம் தேதி கடிதத்தைக் கொடுக்கவில்லை. வேலைக்குப் போகிறேன். தோள்பட்டைக்காரர்களின் காலை அளப்பதை விட்டுவிட்டேன். பெரிய டாக்டர் இப்போது வழக்கம்போல் கத்துகிறார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வராததை எழுதக் கூடாது என்று எழுந்துவிட்டேன். அவர் உனக்கு எதிரே கையைக் கூப்பி நின்றதை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது, அந்த மனிதர் அப்படித்தான் நிற்பார். அதுவும் கோபமாக இருக்கிறது.

ஊன்றுகோலை மூன்று வாரத்தோடு விடாதே, நான்கு வாரம் வைத்துக்கொள். வலிக்கிறதா என்று பார்க்க அடிக்கடி அழுத்திப் பார்க்காதே. டிசம்பர் முதல் ஞாயிறு நானும் அண்ணியும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வராதே.

அண்ணன்


டிசம்பர் 10

அன்புள்ள அண்ணா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அண்ணி மறந்து வைத்துவிட்டுப் போன சால்வையைத் தபாலில் அனுப்புகிறேன்.

நேரில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது பக்கத்துச் சாலையில் ஓட்டம் முடிந்து, ஆட்கள் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். நீ ஜன்னலோரமாக நின்று பார்த்தாய். வந்து ஒரு மணி நேரம் ஆகியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணிதான் மாற்றி மாற்றி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு நீ, ‘நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்’ என்றாய். தெரியும் என்றேன். ‘அது எப்பப் போகும்னு எனக்குத் தெரியாது’ என்றாய்.

அப்புறம் நீ தரையில் உட்கார்ந்து, என் இடது காலை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். கட்டைவிரலால் எலும்பு ஓரமாக மெதுவாக மேலிருந்து கீழே வந்தாய். அந்த இடம் வந்ததும் நின்று, ‘வலிக்குதா?’ என்று கேட்டாய்.

‘வலிக்குது’ என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எங்கிருந்து அத்தனை அழுகை வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதமாக அவருக்காக ஒரு சொட்டு வராதது, அன்றைக்கு நிறுத்த முடியாமல் வந்தது. அவர் இல்லை அண்ணா. அவர் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணி பதறி எழுந்து வந்தாள். நீ வேண்டாம் என்று தலையை அசைத்தாய். ஆறுதல் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. உன் கண்ணில் கோபம் அப்படியே இருந்தது, நான் பார்த்தேன்.

ஆனால் நான் அழுது முடிக்கும்வரை என் காலிலிருந்து நீ கையை எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் தங்கை